ஃபிட்ஸ் ஃபில்டர்: டோவர் விமானச் சண்டை விளையாட்டைப் பற்றிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் சின்னதாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பின்னறையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பழைய ஜாய்ஸ்டிக். ஞாயிற்றுக்கிழமை என்றால் பாபநாசம், வலங்கைமான், திருவிடைமருதூர் பக்கமிருந்து விமான சிமுலேட்டர் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் வந்துவிடுவார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

அண்ணே, எந்த விளையாட்டு? என்ன தகராறு?

‘இல்-2 ஸ்டர்மோவிக்’ என்று 2001-இல் ஒரு விளையாட்டு வந்தது. ரஷ்யாவில் ஒலெக் மேடாக்ஸின் குழு செய்தது. இரண்டாம் உலகப்போர் விமானங்களை அவ்வளவு நுணுக்கமாக அதற்கு முன் யாரும் செய்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. அதே குழு பல வருடம் உழைத்து, 1940-இல் பிரிட்டன் வானில் நடந்த போரை வைத்து அடுத்ததைக் கொண்டுவந்தது. பெயர் ‘கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்’. வந்தது 2011 மார்ச் கடைசியில். ரஷ்யாவில் 1சி நிறுவனம் வெளியிட்டது, மேற்கு நாடுகளில் யூபிசாஃப்ட்.

வெளிவருகிற நேரத்தில் ஒரு குண்டு விழுந்தது. விளையாட்டில் வலிப்புத் தடுப்பு ஃபில்டர் ஒன்று சேர்த்திருக்கிறோம், இது யூபிசாஃப்டின் கட்டாயம், இதனால் வேகம் குறையும் என்று செய்தவர்களே சொல்லிவிட்டார்கள். முதலில் அதை அணைக்கவும் வழியில்லை. வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். நானும்தான்.

அந்த ஃபில்டர் என்ன செய்யும்?

இந்த மாதிரி ஃபில்டர்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்று. திரையில் அடுத்தடுத்து வரும் படங்களை ஒப்பிட்டு, வெளிச்சம் திடீரென்று ஏறி இறங்கினால் அதை மழுக்கும். பளீர், இருட்டு, பளீர் என்று வருவது கொஞ்சம் மங்கல், கொஞ்சம் வெளிச்சம் என்று மாறிவிடும். கேட்க எளிது. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் வேலை. ஏற்கெனவே மூச்சுவாங்கிக்கொண்டிருந்த கிராபிக்ஸ் கார்டின் தலையில் இன்னொரு மூட்டை.

மூச்சுவாங்கியதற்கு ஃபில்டர் மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். விளையாட்டே அரைவேக்காடாகத்தான் இறங்கியது. லண்டன் மேல் பறந்தால் படம் திக்கித் திக்கி வரும். நாங்கள் எல்லாப் பழியையும் ஃபில்டர் மேல் போட்டோம். கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது இல்லையா, அது வசமாக மாட்டியது.

யூபிசாஃப்டுக்கு ஏன் திடீரென்று இந்த அக்கறை?

திடீரென்று வந்ததில்லை. 1997 டிசம்பர் 16-ஆம் தேதி ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. அதில் ஒரு வெடிப்புக் காட்சி. திரை முழுக்கச் சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 தடவை மாறி மாறி அடித்தது. அன்று ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஏறத்தாழ 685 பேர், பெரும்பாலும் பிள்ளைகள். பிரிட்டனில் அதற்கும் முன்பே, 1993-இல், ஒரு நூடுல்ஸ் விளம்பரம் பார்த்துச் சிலருக்கு ஃபிட்ஸ் வந்தது. அதிலிருந்து அங்கே டிவிக்கு விதி போட்டார்கள். விநாடிக்கு 3 பளிச்சுக்கு மேல் கூடாது, திரையில் கால் பங்குக்கு மேல் பளிச்சிடக் கூடாது, அடர்சிவப்பு பளிச்சிட்டால் இன்னும் கவனம் என்று போகும் அது.

அப்புறம் 2000-களின் பிற்பகுதியில் பிரிட்டனில் ஒரு பத்து வயதுப் பையனுக்கு யூபிசாஃப்ட் வெளியிட்ட ஒரு முயல் விளையாட்டை ஆடும்போது ஃபிட்ஸ் வந்தது. அவனுடைய அம்மா விடவில்லை. விஷயம் நாடாளுமன்றம் வரை போனது. இனிமேல் எங்கள் விளையாட்டுகளைச் சோதித்துத்தான் வெளியிடுவோம் என்று யூபிசாஃப்ட் ஒத்துக்கொண்டது. டோவர் விளையாட்டு போய் முட்டியது இந்தச் சுவரில்தான். இந்தப் பின்கதை 2011-இல் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு இருந்த கோபத்தில் காதில் ஏறியிருக்காது.

விமானம் ஓட்டுகிற விளையாட்டில் பளிச் பளிச் எங்கிருந்து வருகிறது? இது என்ன டிஸ்கோவா?

நானும் இதையே கேட்டுச் சிரித்தவன். பிறகு ஒருநாள் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

1940-இல் பறந்த பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரில் மெர்லின் எஞ்சின். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 3000 சுற்று. கியர் அதை 0.477 ஆகக் குறைத்துத்தான் விசிறிக்குக் கொடுக்கும். ஆக விசிறி நிமிடத்துக்கு 1431 சுற்று, விநாடிக்கு 23.85. விசிறிக்கு இறக்கை மூன்று. உங்கள் கண்ணுக்கும் சூரியனுக்கும் நடுவே விநாடிக்கு 71 தடவைக்கு மேல் ஓர் இறக்கை குறுக்கே போகிறது. ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்குப் பெரும்பாலும் ஆபத்தானது விநாடிக்கு 3 முதல் 30 வரை, அதிலும் 15 முதல் 25 வரை மோசம். 71 அதைத் தாண்டிவிட்டது, பயமில்லை என்றுதான் தோன்றும்.

ஆனால் திரை விநாடிக்கு 60 படம்தான் காட்டுகிறது. 71.5 தடவை நடப்பதை 60 படத்தில் பிடித்தால் மிச்சம் 11.5 தான் கண்ணில் படும். சினிமாவில் மாட்டுவண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுகிற மாதிரி தெரியுமே, அதே வித்தை. விநாடிக்கு 30 படம் என்றாலும் கணக்கு 11.5-க்கே வந்து நிற்கும். அந்தப் போக்கிமான் காட்சியின் 12-க்குப் பக்கத்து வீடு! எஞ்சினை 800 சுற்றுக்கு இறக்கித் தரையில் நின்றால், எந்த வித்தையும் இல்லாமலே விநாடிக்கு 19.

விசிறியை இறக்கை இறக்கையாக வரையாமல் மங்கலான வட்டத் தட்டாக வரைந்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும், நிறைய விளையாட்டுகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் துப்பாக்கியும் இருக்கிறதே. பிரவுனிங் துப்பாக்கி நிமிடத்துக்கு ஏறத்தாழ 1150 குண்டு சுடும், விநாடிக்கு 19 சொச்சம். ஸ்பிட்ஃபயரில் அப்படி எட்டு. பகலில் அந்த நெருப்பு ஒரு பொட்டு. இரவுப் பறத்தலில் திரை முழுக்க அதுதான் வெளிச்சம்.

நம் ஊரில் உணர்ந்து பார்க்கவேண்டும் என்றால் சாயங்காலம் பஸ்ஸில் மேற்குப் பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். அரசலாற்றுப் பாலமோ குடமுருட்டிப் பாலமோ வரும்போது கைப்பிடித் தூண்களுக்கு நடுவே வெயில் வெட்டி வெட்டி அடிக்கும். தூண் மீட்டருக்கு ஒன்று, பஸ் 54 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் விநாடிக்குச் சரியாக 15. அந்த நேரத்தில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, யாருக்கு வரும்? எல்லோருக்குமா?

இல்லை. நாலாயிரம் பேரில் ஒருவருக்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வலிப்பு உள்ளவர்களிலேயே நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்குத்தான் ஒளியால் தூண்டப்படுகிறது. ஆனால் ஏழிலிருந்து பத்தொன்பது வயது வரை உள்ளவர்களிடம் இது அதிகம். விளையாடுகிற வயதும் அதுதானே.

பெட்டியின் மேல் எச்சரிக்கை போட்டுவிட்டால் போதாதா? சிகரெட்டுக்குப் போடுகிற மாதிரி?

2011-இல் என் வாதமே இதுதான். எனக்கு ஃபிட்ஸ் கிடையாது, என் காசு, என் கம்ப்யூட்டர், நீ யார் தடுக்க?

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. தனக்கு ஒளியால் வலிப்பு வரும் என்பது பலருக்கு முதல் தடவை வந்த பிறகுதான் தெரிகிறது. “உங்களுக்கு வலிப்பு இருந்தால் ஆடாதீர்கள்” என்ற எழுத்தை அவர்கள் நிதானமாகப் படிப்பார்கள், நமக்கில்லை என்று நினைப்பார்கள், அடுத்த பொத்தானை அமுக்குவார்கள். எச்சரிக்கை காப்பாற்றுவது தெரிந்தவர்களை. தெரியாதவர்களைக் காப்பாற்ற வேறு ஏதாவது வேண்டும்.

அப்போ யூபிசாஃப்ட் செய்தது சரி என்கிறீர்களா?

காரணம் சரி. செய்த விதம் தப்பு. நாற்று நடும்போது யோசிக்கவேண்டியதை அறுப்பு நாளில் வந்து சொன்னால் எப்படி? சோதனை செய்யவேண்டும் என்று தெரிந்த கம்பெனி, விசிறியையும் துப்பாக்கி நெருப்பையும் வரைகிற கட்டத்திலேயே அதைச் சொல்லியிருக்கவேண்டும். அங்கே சரிசெய்திருந்தால் எந்தப் படமும் மங்க வேண்டியதில்லை, யாருக்கும் தெரிந்தே இருக்காது. கடைசி நேரத்தில் எல்லாவற்றின் மேலும் ஒரு போர்வையைப் போர்த்தியதால்தான் வினை.

இன்னொன்று. அணைக்க முடியாதபடி வைத்தது. வயதுவந்த ஒருவர், விஷயம் தெரிந்து, வேண்டாம் என்றால் விட்டுவிடவேண்டும். முதலில் போட்டே இருக்கட்டும், அணைக்கிறவன் தேடிப்போய் அணைக்கட்டும். வயல் மோட்டாருக்கு ஃபியூஸ் வைப்பது மாதிரி. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் கம்பியைச் சுற்றுகிறவன் ஊருக்கு நாலு பேர் இருக்கத்தான் செய்வான், அதற்காக யாரும் ஃபியூஸே இல்லாமல் மோட்டார் மாட்டுவதில்லை.

கடைசியில் என்ன ஆனது?

எதிர்ப்பு பலித்தது. ஃபில்டரை விருப்பத்துக்கு விட்டார்கள், வீடியோ அமைப்புகளில் ஒரு கட்டம் வந்தது. வேண்டுமென்றால் டிக் போடலாம்.

ரசிகர்கள் எல்லோரும் நியாயமாகத்தான் பேசினார்களா?

இல்லை. “ஃபிட்ஸ்காரனுக்கு விமானம் எதற்கு, பல்லாங்குழி ஆடச் சொல்லு” என்று ஒருவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். காக்காய் வலிப்பு என்று சொல்லிக் கல்யாணம் நின்ற வீடு நம் தெருவிலேயே இருக்கும், அதையும் மறந்து சிரித்தோம்.

நீங்கள் எப்போது மாறினீர்கள்?

2012 கோடை. அந்த வருட மின்வெட்டு டெல்டாக்காரர் யாருக்கும் மறக்காது. நாச்சியார்கோயில் பக்கத்திலிருந்து ஒரு பையன் வருவான், பதினைந்து வயது. அன்றைக்கு ஊர்த் திருவிழா முடிந்து இரண்டு ராத்திரி தூங்காமல் நேரே வந்தான். சாயங்காலம் கரண்ட் போனது. இன்வெர்டரில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது, அறை கும்மிருட்டு. ஃபில்டரை இரண்டு கம்ப்யூட்டரிலும் நான்தான் அணைத்து வைத்திருந்தேன். பெருமையாக.

சூரியனை நோக்கி ஏறிக்கொண்டிருந்தான். நாற்காலியோடு சாய்ந்தான்.

நான் செய்த முதல் காரியம் கடைச் சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் திணித்தது. பக்கத்துக் கடைக்காரர் வெங்காயம் தேடி ஓடினார். இன்னொருவர் அவன் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்றுமே தப்பு. இரண்டு நிமிடத்தில் தானாக நின்றது. ஓடிவந்த அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. “தம்பி, எதையோ பார்த்துப் பயந்துட்டானா?” என்று மட்டும் கேட்டார்கள்.

தஞ்சாவூரில் நரம்பு டாக்டர் பார்த்தார். தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் இஇஜி சோதனை. அதில் கண்ணுக்கு நேரே ஒரு விளக்கை வெவ்வேறு வேகத்தில் மினுக்கிப் பார்ப்பார்கள். பையனுக்கு அந்த விளக்கால் ஒன்றும் ஆகவில்லை. தூக்கமில்லாததுதான் காரணமாக இருக்கும் என்றார். ஆக, விளையாட்டு குற்றவாளி இல்லை. ஃபில்டர் போட்டிருந்தாலும் அன்றைக்கு அவனுக்கு வந்திருக்கலாம். இதைச் சொல்லாமல் கதையை முடித்தால் நன்றாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். எனக்கு உறுத்தியது வேறு. இஇஜி முடிவு வருகிற வரைக்கும் எனக்கும் அது தெரியாதே. அந்தப் பத்து நாளும் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருவருக்கு ஃபிட்ஸ் வந்தால் என்ன செய்யவேண்டும்?

சாவி வேண்டாம், இரும்பு வேண்டாம். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர்கூடக் கூடாது. உடம்பை அமுக்கிப் பிடிக்காதீர்கள். பக்கத்தில் இடிக்கிற சாமானை நகர்த்துங்கள், தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ, முதல் தடவையாக வந்திருந்தாலோ 108-க்குப் போன் போடுங்கள். சாவி கொடுத்ததும் நின்றுவிட்டதே என்பார்கள். பெரும்பாலும் சில நிமிடத்தில் அது தானாகவே நிற்கும், சாவிக்குப் பெயர் கிடைக்கும்.

ஆடிக்கொண்டிருக்கும்போது கண்ணுக்குள் ஒரு மாதிரி இருந்தால்?

ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுசாகப் பொத்திக்கொண்டு திரையை விட்டுத் திரும்புங்கள். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டால் போதும் என்று நினைப்போம், இமை வழியாகவும் வெளிச்சம் சிவப்பாக உள்ளே போகும். ஒரு கண்ணை மறைத்தால் மூளைக்குப் போகும் தூண்டல் நன்றாகக் குறைகிறது. அப்புறம் டாக்டரைப் பாருங்கள்.

கடையில் என்ன விதி?

விளக்கைப் போட்டுத்தான் ஆடவேண்டும். கரண்ட் போனால் ஆட்டமும் போச்சு, இன்வெர்டர் டியூப்லைட்டுக்கு. திரையின் வெளிச்சம் பாதி. முகத்தைக் கொண்டுபோய்த் திரையில் ஒட்டக் கூடாது. தூங்காமல் வந்தவனுக்கு ஜாய்ஸ்டிக் இல்லை, பெஞ்சு இருக்கிறது, படுக்கலாம். இதில் கடைசி விதிக்குத்தான் முணுமுணுப்பு அதிகம்.

பழைய டப்பா மானிட்டர் ஆபத்தா?

பழைய குழாய்த் திரைகள் தாமாகவே மினுங்கும். நம் ஊர் டிவி 50 ஹெர்ட்ஸ் முறை, அமெரிக்காவின் 60-ஐவிட அது இந்த விஷயத்தில் மோசம். எல்சிடி வந்த பிறகு அந்த மினுக்கல் போய்விட்டது. ஆனால் காட்டுகிற படமே மினுங்கினால் எல்சிடி என்ன செய்யும்?

இந்த விளையாட்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா?

இருக்கிறது, ரசிகர்கள் புண்ணியத்தில். மேடாக்ஸ் குழு கலைந்துபோனது. டீம் ஃபியூஷன் என்ற ரசிகர் குழு சொந்த நேரத்தில் உட்கார்ந்து ஓட்டை ஓட்டையாக அடைத்தது. பிறகு அவர்களுக்கே முறைப்படி அனுமதி கிடைத்து, 2017 டிசம்பரில் ‘பிளிட்ஸ்’ பதிப்பு வந்தது. 2020-இல் வட ஆப்பிரிக்கப் போரை வைத்து ‘டோப்ருக்’. இப்போது சாதாரணக் கம்ப்யூட்டரிலும் லண்டன் மேல் திக்காமல் பறக்கலாம். யூபிசாஃப்டைத் திட்டிய நேரத்தில் நாங்களும் இப்படி ஏதாவது கற்றுக்கொண்டிருக்கலாம்.

வெள்ளைக்காரன் சண்டை நமக்கு எதற்குச் சார்? தஞ்சாவூரிலேயே சுகோய் போர்விமானம் பறக்கிறதே?

பறக்கிறது, தெரியும். 2020 ஜனவரியில் 222-ஆம் ஸ்க்வாட்ரன், அதாவது விமானப்படைப் பிரிவு, வந்ததிலிருந்து வல்லம் பக்கம் போனால் பேச்சை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஆனால் 1940 சண்டையும் நமக்கு அவ்வளவு தூரமில்லை. அந்தப் போரில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234-ஆம் ஸ்க்வாட்ரனுக்கும், டிஃபையன்ட் ஓட்டிய 264-ஆம் ஸ்க்வாட்ரனுக்கும் ‘மெட்ராஸ் பிரெசிடென்சி’ என்று பெயர். சென்னை மாகாணம் போருக்குக் கொடுத்த பணத்துக்காக வைத்தது. தஞ்சாவூர் ஜில்லா அப்போது அந்த மாகாணத்தில்தான் இருந்தது. நெல் விற்ற காசு எவ்வளவு அதில் போனதோ! விளையாட்டில் ஸ்பிட்ஃபயரை எடுக்கும்போதெல்லாம் நான் 234 என்றே நினைத்துக்கொள்வேன்.

அந்த நாச்சியார்கோயில் பையன் இப்போது ஆடுகிறானா?

ஆடுகிறான். டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சில வருடம் சாப்பிட்டான், பிறகு அவரே நிறுத்தச் சொன்னார். இப்போது திருச்சியில் வேலை, மாதம் ஒரு ஞாயிறு வருவான். ஃபில்டர் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பான், போட்டுத்தான் இருக்கும். ரேடியேட்டரைத் திறக்க மறந்து எஞ்சினைச் சூடேற்றிக் கடலில் விழுகிற பழக்கம் மட்டும் பதினைந்து வயதிலிருந்து அப்படியே இருக்கிறது.